ஏழில் நின்ற குமிழ்

போன வாரம் ஐடாவின் கால் விரலோடு உங்களை நிறுத்திவிட்டேன். எனக்கே அது பிடிக்கவில்லைதான். டாக்டர் அந்த இடத்தில்தான் வாயைத் திறந்தார், நான் என்ன செய்யட்டும்? புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. சூசைராஜ், முப்பத்தோரு வருஷம் தங்கச் சுரங்கத்தில் வென்டிலேஷன் பிரிவில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி மூன்று மாதம் ஆகிறது, மனுஷனுக்கு வீட்டில் எந்த மூலையில் உட்காருவது என்று இன்னும் தெரியவில்லை. மனைவி ஐடா, ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி, போடுவது சூசைராஜ். மகன் சாம்சனுக்குப் பெங்களூரில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலையைக் காட்டுவான். மருமகள் சாராவுக்கும் பெங்களூரில்தான் வேலை. ஆனால் அவள் தினமும் விடிவதற்குள் ரயில் ஏறிப் போய், இருட்டிய பிறகு ரயிலில் வந்து இறங்குகிறவள்.

ஐடாவின் இடது கால் பெருவிரலில் வந்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை. சர்க்கரையும் இறங்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை ஊசியின் அளவைக் கூட்டிப் பார்த்தார். கடைசியில், “வெள்ளிக்கிழமை காலையில வாங்க. அப்பவும் முன்னூறுலயே நின்னா விரலை எடுத்துடலாம். காலாவது மிஞ்சும்” என்று சொல்லிவிட்டார்.

இன்று வியாழக்கிழமை.

சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு அந்த வீட்டில் ஒரே பதில்தான். ஐடா திருடித் தின்கிறாள். சூசைராஜ் சர்க்கரை டப்பாவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வீட்டுத் தாயம்மா கொண்டுவந்த அதிரசத் தட்டை வாசலிலேயே மறித்து, “என் பொண்டாட்டியைச் சாவடிக்க நீ ஒருத்தி போதும்” என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். தாயம்மா அதோடு இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

“நான் துன்னலீங்க” என்று ஐடா முதல் மாதம் முழுக்கச் சொன்னாள். இரண்டாவது மாதம் எப்போதாவது சொன்னாள். இப்போது சொல்வதே இல்லை. சாராவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அவள் நல்லவள் என்று எழுதி எழுதி எனக்கும் கை வலிக்கிறது. ஒரு நாள் ஐடா குளிக்கப் போன நேரத்தில் அவளும் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தேடியவள்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

நாளைக்கு ஆஸ்பத்திரி என்பதால் சாரா இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். லீவு போட்டால் மட்டும் தூக்கம் வருமா? பழக்கதோஷம், நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து பாலை அடுப்பில் வைத்தாள். திரிந்துபோனது.

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. நேற்று இரவு பிரிட்ஜில் வைத்த பால். இட்லி மாவைத் திறந்தால் புளித்த நெடி மூக்கில் அடித்தது. கீழ்த் தட்டில் இருந்த தக்காளி தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே ஐஸ் பெட்டியில் மட்டும் நாலு விரல் கனத்துக்கு ஐஸ் கட்டியிருந்தது.

அவள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த பிரிட்ஜ் அது. முழுசாக நாலு வருஷம்கூட ஆகவில்லை. அத்தை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் கஞ்சியும் பாலும் கொண்டுபோக வேண்டும், வேலைக்கும் ஓட வேண்டும், இது இப்படிக் காலை வாரினால் எப்படிச் சமாளிப்பது? இதுதான் அவள் கவலை. அத்தைக்காக இல்லை, பாலுக்காகத்தான் அன்றைக்கு அவள் பிரிட்ஜில் கை வைத்தாள். ஒளிப்பானேன்?

எட்டு மணிக்கு மெக்கானிக் நாகேஷ் வந்தான். பின்னால் கையை வைத்துப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், கதவைத் திறந்து மூடினான்.

“கேஸ் கம்மி ஆகிடிச்சு மேடம். ஷாப்புக்குத் தூக்கினு போவணும். நாலு நாளு ஆகும்.”

மூலையில் உட்கார்ந்திருந்த சூசைராஜ் தலையை நிமிர்த்தினார். “கேஸ் கம்மின்னா மேல எப்படிப்பா இம்மாம் ஐஸ் புடிக்கும்?”

“அங்கிள், மெக்கானிக் நீங்களா நானா?”

“நீதான். அதான் கேக்கறேன்.”

“சாயங்காலம் வண்டி எடுத்துனு வர்றேன் மேடம். அவர்கிட்ட நீங்களே பேசிக்குங்க” என்று நாகேஷ் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உள்ளறையில் கட்டிலில் ஐடா காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். “இன்னாவாம்மா?” என்று ஒரு குரல் கொடுத்தாள். பதில் வருவதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை.

சாரா பெட்டியைக் கிளறி, பிரிட்ஜோடு வந்த சின்னப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். பிரிக்காமலே கிடந்தது. கடைசிப் பக்கத்தில், சரியாகக் குளிரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாலு வருஷமாக இது பெட்டிக்குள் தூங்கியிருக்கிறது!

ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். கரண்ட் சரியாகத்தான் வந்தது. கதவு ரப்பரைப் பார்த்தாள். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் சுலபமாக வரக்கூடாதாம், கரண்ட் பில்லை வைத்து இழுத்தாள். பில் கிழிந்தது, ரப்பர் விடவில்லை.

“மாமா, கொஞ்சம் கை குடுங்க. இதை முன்னாடி இழுக்கணும்.”

இரண்டு பேரும் இழுத்தார்கள். பின்பக்கக் கம்பி வரிசை முழுக்க, தங்கம் பிரித்த பிறகு கொட்டிக் குவித்த சயனைட் மேட்டு மண். கோடைக் காற்றில் பறந்துவந்து வெள்ளையாக அப்பியிருந்தது. சாரா துடைப்பக் குச்சியால் தட்டித் தட்டி எடுத்தாள். தும்மல் நிற்கவில்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். கீழ்த் தட்டில் கையை வைத்தால் அதே வெதுவெதுப்பு.

எனக்கே அலுத்துவிட்டது, அவளுக்கு எப்படி இருக்கும்? தலையில் முடிந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வரியைப் படித்தாள்.

தட்டுகளின் மேல் காகிதமோ துணியோ பிளாஸ்டிக்கோ விரிக்க வேண்டாம். குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே இறங்க வழி இருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டிக்குக் கீழே இருந்த முதல் தட்டில் ஒரு கெட்டித் துணி விரித்திருந்தது. சாரா தினமும் பார்க்கிற துணிதான். கறை படாமல் இருக்க மாமா போட்டது என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் விரலால் தூக்கிப் பார்த்தாள். விளிம்போடு விளிம்பாக, கதவு மூடினால் ஊசி நுழைய இடம் இல்லாமல் வெட்டித் தைத்திருந்தது.

“மாமா, இது எதுக்கு?”

சூசைராஜின் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று மாதமாக அவர் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அது வென்டிலேஷன் துணிம்மா! கடைசி ஷிப்ட் அன்னிக்கு ஒரு துண்டு எடுத்தாந்தேன். அண்டர்கிரவுண்டுல காத்து தன்னால எல்லா எடத்துக்கும் போவாது. ஆளுங்க வேலை செய்ற லெவலுக்குத் துணி கட்டித் திருப்பணும். ஆளில்லாத லெவலை அடைச்சுடணும். இங்க மட்டும் இன்னா? கத்திரிக்காய்க்கு எதுக்கு சில்லு? உங்க அத்தை மருந்துக்குத்தான வேணும். அதான் மேல் லெவலோட அடைச்சுட்டேன்.”

சாராவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. திரிந்த பால், புளித்த மாவு, பிரிட்ஜைத் தூக்கப் பார்த்த நாகேஷ், எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு முழத் துணி.

“ஐயோ மாமா! அதான் கீழ ஒண்ணுமே சில்லுனு இல்ல.”

“கீழ இல்லாட்டி போவுது. மருந்து எப்படி கீதுன்னு பாரு. டாக்டர் சில்லுனு வைக்கச் சொன்னாரா? நான் கல்லா வச்சிருந்தேன்!”

“கல்லுன்னா?”

“ஐஸ்கட்டிம்மா. ராவெல்லாம் கரண்ட் நல்லா வருதா, விடியக்காலையில எடுத்தா கட்டியா இருக்கும். அரை மணி நேரம் உள்ளங்கையில வச்சு உருட்டிக் கரைச்சுதான் போடுவேன். ஒரு நாளு தவறினதில்ல.”

சாராவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று அவளுக்கே உடனே புரியவில்லை. மேல் தட்டிலிருந்து மருந்து டப்பாவை எடுத்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சூசைராஜின் கண்ணுக்கு எட்டாத எழுத்து, ஆங்கிலம் வேறு. உறைய விடக்கூடாது. உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தக்கூடாது.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பால் போல இருக்க வேண்டிய மருந்து. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“இது எப்பலேர்ந்து மாமா இப்படி கீது?”

“ரொம்ப நாளா இருக்கும்மா. நல்லா உருட்டினா கொஞ்சம் போயிடும்” என்றார் அவர்.

சாரா செருப்பை மாட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் போனை எடுத்த நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டாள். “எத்தனை நாளா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு போனைத் துண்டிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் டாக்டரிடம் கேட்டு வந்தாள்.

“அது செத்த மருந்தும்மா. தண்ணியைப் போட்ட மாதிரிதான். எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசு வாங்குங்க. கூட்டின அளவைப் போட்டுடாதீங்க, ஆளு மயங்கிடுவாங்க. முதல்ல போட்டுக்கிட்டிருந்த அளவு மட்டும் சாயங்காலம் போடுங்க.”

“அப்ப விரலு?”

“காலையில பார்த்துட்டு டாக்டர்தான் சொல்லணும். வெறும் வயித்தோட வந்துடுங்க.”

அங்கிருந்தே ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ப் புது மருந்து வாங்கினாள். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா மேல் கோபம். படித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே? மூன்று மாதம் ஒரு மனுஷியைத் திருடி என்று சொல்ல மட்டும் வாய் வந்ததே!

வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தாள். துணியை உருவிப் போட்டாள். புது மருந்தைக் கதவுத் தட்டில் வைத்தாள். அப்போதுதான் உள்ளே ஓரத்தில் இருந்த குமிழ் கண்ணில் பட்டது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். அதிகபட்சக் குளிரான ஏழில் நின்றது.

மார்ச் மாதம். முதல் தடவை பால் திரிந்த அன்று. ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மூன்றில் இருந்த குமிழை ஏழுக்குத் திருகிவிட்டு ஓடினாள். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாள். மூன்றிலேயே இருந்திருந்தால் அந்த மேல் தட்டு நன்றாகச் சில்லிட்டிருக்கும், உறைந்திருக்காதோ என்னவோ. மாமா கல்லாக இருந்தது என்று பெருமைப்பட்டாரே, அந்தக் கல்லில் பாதி அவள் செய்தது.

சாரா குமிழை மூன்றுக்குத் திருப்பினாள். கதவைச் சாத்தினாள். ஆட்டோவில் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

பின்வாசலில் நின்றிருந்த மாமாவிடம் போய் நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். குமிழைப் பற்றிச் சொல்லவில்லை. சூசைராஜ் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தைகிட்ட சொல்லிடாதம்மா. நாளைக்கு ஆஸ்பத்திரி. இப்பப் போயி எதுக்கு?”

“நான் சொல்லமாட்டேன் மாமா. நீங்க சொல்லணும்.”

சொல்லும்போதே அவளுக்குத் தன் மேல் வெறுப்பாக இருந்தது. இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கட்டிலுக்குச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஐடா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் தள்ளுவண்டிச் சத்தம். நாகேஷ். “அங்கிள், ஏத்திடலாமா?”

“வேணாம்பா. பிரிட்ஜுல கோளாறு ஒண்ணுமில்ல. நீ போ.”

நாகேஷ் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். உள்ளறையிலிருந்து ஐடாவின் குரல் வந்தது.

“பின்ன எதுலங்க கோளாறு?”

சூசைராஜ் உள்ளே போனார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரவில்லை. துணி, ஐஸ்கட்டி, துணுக்கு, நர்ஸ் சொன்னது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். சாரா வாசற்படியில் நின்று கேட்டாள்.

ஐடா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்ப நான் துன்னல.”

“நீ துன்னல ஐடா.”

“நெஜமாவே துன்னல?”

“அய்யோ, நெஜமாதான் சொல்றேன்.”

ஐடா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “ராவுல தூக்கத்துல எழுந்து துன்னுட்டு மறந்துடறேனோன்னு நெனச்சேங்க. காலையில கண்ணு முழிச்சதும் உதட்டைத் தொட்டுப் பார்ப்பேன், பிசுபிசுன்னு கீதான்னு. ஈஸ்டருக்கு முந்தி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேனே, இன்னா சொன்னேன் தெரியுமா? சாமி, நான் வீட்டுல திருடித் துன்றேன் சாமின்னு சொன்னேன். தவக்காலம் பூரா நாக்குல ஒரு பொட்டு சக்கரை வெக்கல. ஆனாலும் சொன்னேன். இத்தினி பேரு சொல்றீங்களே, பொய்யா இருக்குமான்னு.”

சூசைராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“அம்பது அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு. இந்தக் காலோட முட்டி போட்டு அம்பதும் சொன்னேன்.”

“என்னை ரெண்டு அடி அடிச்சுடு ஐடா.”

“அடிக்கத் தெம்பு எங்க கீது? போங்க.” அவள் திரும்பவும் தலையணையில் சாய்ந்தாள். “நாளைக்குக் கெளம்பறதுக்கு முந்தி தாயம்மா வாசல்ல நின்னு, நான் துன்னலன்னு சொல்லுங்க. அன்னிக்குக் கத்தினீங்களே, அதே சத்தத்துல சொல்லணும். லைனு பூரா கேக்கணும்.”

“சொல்றேன்.”

“விரலு போனா போவட்டும். அது கேட்டாப் போதும் எனக்கு.”

ஏழு மணிக்குச் சூசைராஜ் வழக்கம்போலச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். ஒன்பது வருஷப் பழக்கம். பஞ்சு, ஊசி, புது மருந்து எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. அவர் ஊசியை எடுக்கக் கையை நீட்டினார்.

“நீங்க வேணாம். சாரா போடட்டும்.”

“அத்தை, எனக்குத் தெரியாது அத்தை. நான் போட்டதே இல்ல.”

“அவரு அளவைப் பார்த்து ஏத்திக் குடுப்பாரு. நீ குத்து.”

சூசைராஜ் மருந்தை ஏற்றி, இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்து, சாராவிடம் கொடுத்தார். அவள் எடுத்த பஞ்சு கீழே விழுந்தது, வேறு பஞ்சு எடுத்தாள்.

“கை எப்படி ஆடுது பாரு ஐடா. நானே போட்டுடறேன்.”

“ஆடட்டும்” என்றாள் ஐடா. “நீங்க, உங்க புள்ள, அந்த டாக்டரு, எல்லாரும் என்னைச் சந்தேகப்பட்டீங்க. இந்த வீட்டுல இவ ஒருத்திதான் பிரிட்ஜைச் சந்தேகப்பட்டா.”

சாரா ஊசியைத் தாழ்த்தினாள். “அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்…”

“மொதல்ல போடும்மா” என்று சொல்லி ஐடா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.